ஆறரைக்கு வந்த அலை

காற்றுக்குக் கடிகாரம் தெரியுமா? மூன்று நாளும் சரியாக மாலை ஆறரைக்கே அந்த அலை எப்படி வந்தது?

தமயந்தி இதை யாரிடமும் கேட்கவில்லை. ஆடிக் கிருத்திகை முடிந்து ஒரு வாரமாக உள்ளேயே வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்திருந்தாள்.

திருத்தணியில் அவள் தனியாகக் குடியிருந்த மாடிவீட்டின் மொட்டைமாடியில் ஒரு இரும்புக் குழாய், உச்சியில் ஒரு ரிசீவர். செயற்கைக்கோளின் சமிக்ஞை எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்து வந்தது என்று அது சொல்லும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் காற்றைப் பிளந்து மின்னூட்டமுள்ள துகள்களை உண்டாக்குகிறது. அங்கேயும் ஆயிரத்தில் ஒன்றுதான் அப்படி. மற்றதெல்லாம் சாதாரணக் காற்று, அது பாட்டுக்கு வீசும். மின்னூட்டமுள்ளது அதனோடு போக முடியாது. பூமியின் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும். காற்று மோதி மோதி அதைக் காந்தக்கோட்டின் வழியே நகர்த்தும். அதுவும் காற்றின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

கீழிருந்து எழுந்த காற்றலை ஒன்று அந்தத் துகள்களை ஆட்டியதைப் பார்த்துவிட்டோம் என்றது கட்டுரை. திருவிழாவின் மூன்று நாளும் ஆறரையிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒரு அலை. ஆறு வருடத்தில் அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. அது வெளிவந்தால் மாதக் கடைசியில் முடியும் வேலை இன்னும் இரண்டு வருடம் நீளும். இல்லையென்றால் பள்ளிப்பட்டில் அண்ணன் வீட்டில் ஒரு மூலை.

மத்தியானம் பச்சையப்பன் விளக்குச் சரங்களைக் கழற்ற வந்தான். திருவிழாவுக்கு விளக்கு வேல் கட்ட அவளுடைய குழாயைக் கேட்டவன் அவன்தான். குழாயில் எதையும் கட்டக் கூடாது. ஆனால் படியேறி வந்து ஒருவர் ஒன்றைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சரி என்றுவிட்டாள். அந்த மூன்று நாளும் கூட்டத்துக்குப் பயந்து ஜன்னலை மூடிக்கொண்டு இருந்தாள்.

"இன்னாக்கா, இம்மாம் பெரிய ஆன்டெனா வச்சிகினு வூட்ல ஒரு டிவி கூட இல்லியே?"

அவள் சிரித்தாள். "லைட்ட தினமும் நீயா வந்து போட்ட?"

"நான் எங்கக்கா வர்றது? மலைப்பாதை பூரா நம்ம லைட்டுதான். டைமரு. ஆறரைக்கு அதுவா பத்திக்கும். பெட்டி சூடாவுதுன்னு பத்து நிமிசம் எரியும், பத்து நிமிசம் நிக்கும். அதுக்குள்ள ஜனங்க, 'வேலு அணைஞ்சிப்போச்சு, பச்சையப்பன் ஏமாத்திட்டான்'னு ஒரே கூச்சல்!"

வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான். பத்தும் பத்தும் இருபது. குழாயின் நிழலிலேயே அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு சென்னையிலிருந்த பேராசிரியர் ராஜவேலுவுக்கு போன் செய்தாள்.

"சார், அது அலை இல்ல. குழாயில கட்டின லைட்டோட மின் இரைச்சல் ரிசீவர்ல கலந்திருக்கு."

"இது யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"வேற யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம் என்ன? நிஜ அலையும் அதுக்குள்ள இருக்கலாம். கட்டுரைய அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். சம்மதம்னு ஒரு வரி மெயில் போடு. உன் வேலைக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. இருக்கலாம்தான். அந்த இருக்கலாமோடுதான் அவள் ஒரு வாரம் வாழ்ந்திருந்தாள். துணைக்கு ஆள் இருப்பதுபோலக்கூட இருந்தது.

"அந்த மூணு நாளையும் எடுத்துடறேன் சார். மிச்சத்துல ஒண்ணும் இல்ல."

"அவசரப்படாதே. யோசிச்சு மெயில் போடு."

"யோசிச்சுட்டேன் சார்," என்றாள். "போடலை."