ஜன்னலில் அடித்த எக்ஸ்ரே படங்கள்

பூரணிக்கு ஒன்றரை வருஷத்தில் இது நாலாவது நிமோனியாக் காய்ச்சல்.

"பழைய எக்ஸ்ரே படங்கள் இருக்கா?" என்று வார்டில் டொக்டரம்மா கேட்டதும் பூரணியின் புருஷன் சோலைமலை தலையாட்டினான். இருந்தன. தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் கண்ணாடி உடைந்த ஜன்னலுக்கு அந்த மூன்றையும்தான் அவன் ஆணி வைத்து அடித்திருந்தான்.

பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினான். ஆணியைப் பிடுங்கும்போது பக்கத்துக் காம்பரா காளியாயி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, அண்ணியோட எலும்ப எங்க கொண்டு போறீங்க? காலையில வெளிச்சம் வந்ததும் அதத்தானே நாங்க கும்புட்டு எந்திரிக்கிறோம்!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. புகைக்கரியைச் சட்டையால் துடைத்துக்கொண்டே போனான்.

டொக்டரம்மா ஆணி ஓட்டைகளைப் பார்த்தார். புதுப் படத்தோடு சேர்த்து நாலையும் வெளிச்சத்தில் பிடித்தார். நாலிலும் வலது பக்கம், அடியில், அதே இடத்தில் வெள்ளை.

"ஒவ்வொரு தடவையும் புதுக் காய்ச்சல்னு நெனச்சிருக்காங்க. மூச்சுக்குழாய்க்குள்ள சின்னக் கட்டி ஒண்ணு அடைச்சிருக்கலாம். புற்றா இருக்காதுன்னுதான் தோணுது. ஆனா அது இருக்கிற வரைக்கும் பின்னால சளி தேங்கும், காய்ச்சல் திரும்பும். கண்டி ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பாக்கணும். ஏழு வாரம் கழிச்சுத்தான் திகதி கெடைக்கும்."

"அதுவரைக்கும் நாங்க என்னங்க செய்றது?"

"மருந்த விடாம குடுங்க. மூச்சு வாங்கினா உடனே கூட்டிட்டு வாங்க. குளிர் காத்து படாம பாத்துக்குங்க."

பூரணி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். "என்னாங்க, ஜன்னல் இப்ப தெறந்தா கெடக்கு?"

அவன் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

பூரணியை வார்டில் விட்டுப் பொழுது சாயத் திரும்பினான். ஜன்னல் திறந்து கிடக்கவில்லை. கொழுந்தெடுக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று, ஓரம் மடித்து, இறுக்கமாக அடிக்கப்பட்டிருந்தது. காளியாயியின் படங்கு.

"நாளைக்கு மலைக்கு நீ என்னத்தம்மா கட்டிட்டுப் போவ?"

"உரச்சாக்கு இருக்குல்ல. நீங்க மொதல்ல அந்தப் படங்கள பத்திரமா வைங்க. இன்னொருக்கா ஆணி அடிச்சீங்க, கைய ஒடிச்சிருவேன்."

படங்களைப் பூரணியின் துவைத்த சேலையில் சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான். விளக்கேற்றிக் கும்பிட்டான். ஏழு வாரத்துக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று வேண்டினான். கொஞ்சம் நின்று, நாளைக்கு மழை பெய்யக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

கூரைத் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.