காற்று வரும் நாளெல்லாம் செத்துப்போன மெர்ல்

அமெரிக்காவின் அயோவாவில் நோர்டால் என்ற ஊரில், நாளைக்கு அடிக்க வேண்டிய காற்று ஆர்லிஸ் ட்விட்டன் வீட்டுக்குள் இன்றைக்கே அடித்துவிடும். கோடையில் மட்டும். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும், வெளியே மக்காச்சோளத் தோகை ஒன்றுகூட அசையாது, உள்ளே காலண்டர் படபடக்கும். ஆலங்கட்டி மழை வருவதாக இருந்தால் சமையலறைத் தரையில் ஆலங்கட்டி கிடக்கும். ஆர்லிஸ் அதைப் பொறுக்கி எலுமிச்சைச் சாற்றில் போட்டுக்கொள்வாள். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி துவைக்குமுன் அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆர்லிஸுக்கு வேலையே பக்கத்து நகரத்து வானிலை அலுவலகத்தில்தான். பலூன் விட்டு, ராடார் பார்த்து, தெற்கேயிருந்து ஈரக்காற்று எவ்வளவு ஏறுகிறது, அதன்மேல் சூடு எவ்வளவு மூடிபோட்டு உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு அறிக்கை எழுதுவாள். வீட்டுக்குள் அடித்த காற்றை அறிக்கையில் எழுத முடியுமா? அது எந்தக் கருவி என்று மேலதிகாரி கேட்பார். அதனால் ராடார் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராடாரும் பாவம், கடைசியில் அவள் வழிக்குத்தான் வரும்.

சங்கடமெல்லாம் ஊர்க்காரர்களிடம். புயல் அபாயச் சங்கு ஊதினால் நிலவறைக்குள் இறங்கவேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். நோர்டாலில் சங்கு ஊதினால் எல்லோரும் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து நிற்பார்கள். சுழல்காற்றுக்குத்தான் அங்கே மரியாதை. வானத்திலிருந்து தும்பிக்கை மாதிரி ஏதாவது தொங்க வேண்டும். நேராக அடிக்கிற காற்று தானியக் களஞ்சியத்தையே பெயர்த்துக்கொண்டு போனாலும் "வெறும் காத்துதானே" என்பார்கள். இதில் முதல் ஆள் ஆர்லிஸின் புருஷன் மெர்ல். வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையின் கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலி போட்டு, கையில் பீரோடு சினிமா பார்ப்பதுபோலப் புயல் பார்ப்பார்.

ஒரு ஜூலையில் உள்ளே அடித்த காற்று காலண்டரோடு நிற்கவில்லை. அலமாரி சாய்ந்தது. கொட்டகையில் மடக்கியிருந்த நாற்காலி தானாக விரிந்து, எழும்பி, கூரையில் நாலு காலும் புதைய ஏறிக்கொண்டது. ஆர்லிஸ் வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். கடைக்குப் போயிருந்த மெர்ல் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மெர்ல், நாளைக்குச் சாயங்காலம் நீ இங்க உக்காரக் கூடாது."

"சுழல்காத்தா?"

"இல்ல, நேர்க்காத்து. ராடார்ல வில்லு மாதிரி வளைஞ்சு வரப்போவுது."

"அட, வெறும் காத்துதானே! நாற்காலி போனா வேற வாங்கிக்கலாம், விடு."

"நாற்காலியில நீதானே இருப்பே, கிறுக்கு மனுஷா!"

மெர்ல் சிரித்தபடியே ஏணியைத் தேடிப் போய்விட்டார்.

நோர்டால்காரர்களை நிலவறைக்குள் இறக்க ஒரே வழி சாவுச் சாப்பாடுதான். தேவாலயத்துக்குக் கீழே உள்ள நிலவறையில்தான் அது நடக்கும். செத்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வந்து ஒரு ஹாம் சாண்ட்விச்சாவது தின்றுவிட்டுப் போகவேண்டும். வராதவனை ஊர் மறக்காது. மறுநாள் காலை ஆர்லிஸ் உள்ளூர் வானொலிக்குப் போன் போட்டு, மெர்ல் ட்விட்டன் காலமானார், சாயங்காலம் நாலு மணிக்கு நிலவறையில் சாப்பாடு என்றாள்.

"என்னம்மா, இப்பத்தானே டீசல் போட்டுக்கிட்டு இருந்தாரு?" என்றார் அறிவிப்பாளர்.

"நான் சொல்றேன், நீங்க படிங்க."

யார் வீட்டிலிருந்து போன் என்பதை யோசித்துப் பார்த்துவிட்டு அவர் படித்தார். மத்தியானம் சூப் குடித்துக்கொண்டே தன் சாவைக் கேட்ட மெர்லுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம், தன்னைப்பற்றி யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்ற ஆசையும் வந்தது. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். எதிர்வீட்டு இனெஸ் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்த தட்டோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டியாமே மெர்ல், கேட்டதுலேர்ந்து மனசே ஆறலப்பா."

"என்ன பண்றது அக்கா, வேளை வந்துடுச்சு. தட்டுல வெங்காயம் போட்டிருக்கியா?"

போதகர் மெர்லின் நற்குணங்களைத் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. பிரசங்கத்தின் நடுவே எழுந்து போவது அழகில்லை, காபியும் இன்னும் வரவில்லை, ஒருவரும் அசையவில்லை. விளக்கு போயிற்று. தலைக்கு மேலே என்னென்னவோ பெயர்ந்து போகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தேவாலயக் கோபுரம் சோளக்காட்டில் படுத்திருந்தது. மெர்லின் கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் பெருக்கிவிட்டதுபோலக் கிடந்தது. மெர்ல் அதை வெகுநேரம் பார்த்தார். ஆர்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதிலிருந்து மெர்ல் ஒவ்வொரு கோடையிலும் செத்தார். புயல் மிகுந்த வருஷங்களில் மாதத்துக்கு இரண்டு தடவைகூட. போதகருக்கு நற்குணங்கள் தீர்ந்துபோக, மெர்லே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். நோர்டாலில் மட்டும் ஏன் யாருக்கும் அடிபடுவதில்லை என்று மேலதிகாரி கேட்டதற்கு, உள்ளூர் ஏற்பாடு என்று ஆர்லிஸ் பதில் எழுதினாள்.

ஒரு ஜனவரியில், பனி முழங்கால்வரை கிடந்தபோது, மெர்ல் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டுக்குள் காலண்டர் அசையவில்லை. வானொலியில் படித்தார்கள், ஊர் தட்டுகளோடு இறங்கியது, சாப்பிட்டது, காபியும் குடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"காத்து எத்தனை மணிக்கும்மா?" என்றாள் இனெஸ்.

"இன்னைக்குக் காத்து இல்லக்கா. இன்னைக்கு மெர்ல் மட்டும்தான்."

இனெஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் எல்லோரும் அழுதார்கள், இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள்.

ஜூனில் ஆர்லிஸின் வீட்டுக்குள் மறுபடி காற்றடித்தது. அவள் போன் போட்டாள். மெர்ல் ட்விட்டன் காலமானார் என்று வானொலியில் படித்தார்கள். நாலு மணிக்கு ஊர் இறங்கியபோது மெர்ல் துவைத்த சட்டையோடு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஆர்லிஸ் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஊற்றிக்கொடுத்தாள்.