அதே கல், வேறு வெளிச்சம்

1

இந்தக் கதையை அக்காவின் கணினியிலிருந்து திருடினேன். பழுது பார்க்கத்தான் கொடுத்தாள். பழுது ஐந்து நிமிடத்தில் சரியானது. அதிலிருந்த மின்னஞ்சல் கடிதங்களைப் படித்து முடிக்க ஒரு பகல் ஆனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலத்தில் ஒரு பெண்..." வேண்டாம். அக்காவுக்குக் கடல் என்றாலே தலைசுற்றல். அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குவாரிக்குப் போய், கல்லாகிப்போன பவளங்களைப் பொறுக்கி வருவாள்.

2

பொறுக்குவது சுலபம், பெயர் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கல்லை உப்புத்தாளில் தேய்த்து, தண்ணீரில் நனைத்து, பக்கவாட்டில் விளக்கும் அருகில் அளவுகோலும் வைத்துப் படம் எடுப்பாள். நனைந்தால்தான் உள்ளே இருக்கும் சுவர்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போலத் தெரியும். படத்தை வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு அனுப்புவாள். அவர் அந்தப் பவளத்தின் பெயரை எழுதி அனுப்புவார். இப்படியே ஆறு வருடம்.

(அவருக்கு வழுக்கை என்று எழுதினேன். அடித்துவிட்டேன். பார்க்காத மனிதரின் தலையில் கைவைக்க நான் யார்?)

3

ஒரு கல் மட்டும் பிடிகொடுக்கவில்லை. விரல் நீளம், கொம்பு வடிவம். "குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்று எழுதினார் அவர். நாற்பது கற்களை யோசிக்காமல் வெட்டியவள் இதை வெட்டவில்லை. வெட்டினால் பெயர் வந்துவிடும். பெயர் வந்துவிட்டால்

(வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். முடித்தால் அக்கா என்னோடு பேசமாட்டாள்.)

அதே கல்லைக் காலை வெயிலில் எடுத்து அனுப்பினாள். பிறகு மேகமூட்டத்தில். பிறகு தலைகீழாக.

"இது அதே கல்தானே?" என்று கேட்டிருந்தார்.

"ஆமாம். வெளிச்சம் வேறு."

"அப்படியானால் அடுத்த படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும்."

அப்படிப் பதினொரு படங்கள். கடைசிக் கடிதம் அவருடையது: "வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறேன். இந்த முகவரி இனி இயங்காது. அந்தக் கல்லை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கலாமா?"

4

வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டாள். கல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை இட்டுக்கட்டினேன்.

முடிவு அ: அவர் மனைவியோடு வாசலில் நிற்கிறார்.

முடிவு ஆ: அவர் வரவே இல்லை.

மனசு கேட்காமல் திருட்டை ஒப்புக்கொண்டு, எழுதியதை அக்காவிடமே நீட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நிதானமாகப் படித்தாள். அவர் கடிதத்தில் நான் 'வலப்பக்கம்' என்று எழுதியிருந்ததை 'இடப்பக்கம்' என்று திருத்தினாள். பிறகு இரண்டு முடிவுகளையும் அடித்தாள்.

"அவர் வந்தாராக்கா?"

"வராம என்ன?"

"என்ன பேசினீங்க?"

"கல்லைப் பத்திதான்."

"அந்தக் கல்லு?"

"வெட்டினோம்."

"பேரு தெரிஞ்சுதா?"

"போடா, போய் வேற கதை எழுது."

இத்தனை வருடமும் அவள் வாயிலிருந்து 'வெட்டினேன்' என்றுதான் கேட்டிருக்கிறேன். மூன்று நாளாக அந்த 'னோம்' முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் அவர்கள் இருவரும் இருக்கிறார்கள், எனக்கு இடமில்லை. உங்களுக்கு மனசு வந்தால் நீங்கள் உள்ளே போய் எழுதிக்கொள்ளுங்கள்.