உதட்டின் நிறம்

“அடுத்தத போடு மாப்ள,” என்றார் அடுசெய் மாமா.

அம்போன்சா மவுஸைத் தட்டினான். திரையில் போக்குவா மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஜன்னலோரம், முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து, சட்டையின் ஒரு பக்கத்தை இறக்கிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இறந்து அன்றோடு நாலு நாள்.

“இதுலயும் மாரு தெரியுதே. ஊரு சனம் மொத்தமும் வந்து நிக்கிற எடத்துல இத எப்பிடிய்யா கட்டுறது?”

“பால் குடுக்கறவ பின்ன முதுகுலயா வெச்சுக் குடுப்பா?” என்றாள் சின்னம்மா நியார்கோ. அவள் போக்குவாவின் அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. மடியில் குழந்தை தூஃபியேவைப் போட்டுப் புட்டிப்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். “நீ மூணு வயசு வரைக்கும் எங்கம்மா மாருல தொங்கினவன். அப்ப ஊரு சனம் கண்ண மூடிக்கிட்டா இருந்துச்சு?”

“அது உசுரோட இருக்கறவ சமாச்சாரம். இது செத்தவ சமாச்சாரம்,” என்றார் மாமா. “அடுத்தது.”

கொனொங்கோ கடைத்தெருவில் அம்போன்சாவின் ஸ்டூடியோ ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அகலம். அதற்குள் கறுப்புத் துணி சுற்றிய மூன்று பேர் உட்கார்ந்து அவன் எடுத்த படங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நாள் துக்கக் கூடலுக்குள் போக்குவாவின் முகம் பெரிய ஃபிளக்ஸாக முக்குக்கு முக்கு நிற்க வேண்டும். ஊர்க் கல்யாணமெல்லாம் படம் பிடித்தவனுக்குத் தன் பெண்டாட்டியைப் படம் பிடிக்க நேரம் இருந்ததில்லை. கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அதில் அவள் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒல்லிக்குச்சி. “இது யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க,” என்று மாமா முதலிலேயே தள்ளிவிட்டார். மிச்சம் இந்த நாற்பதுதான். நாற்பதிலும் குழந்தை பால் குடித்தது.

மாமா சொன்னால் சொன்னதுதான். அவர்கள் வழக்கத்தில் செத்தவளின் உடம்பும் அவள் பெற்ற பிள்ளையும் அவளுடைய தாய்வழிக்குச் சொந்தம், அந்தத் தாய்வழிக்குத் தலைவர் அவர். புருஷன் என்பவன் துக்கத்துக்கு வந்தவர்களில் கொஞ்சம் முன்வரிசையில் உட்காருகிறவன், அவ்வளவே. போஸ்டரில்கூட அவன் பெயர் அடியில்தான் வரும். இத்தனை வருஷம் எத்தனையோ புருஷன்மாரின் பெயரை அந்த இடத்தில் அம்போன்சாவே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். அப்போதெல்லாம் அது ஒரு எழுத்து அளவு, வேறொன்றுமில்லை.

அவனுக்கு இப்போது போஸ்டர் பெரிதில்லை. தூஃபியே பெரிது. பதினோரு வாரக் குழந்தை. “போஸ்டர் முடியட்டும், அப்புறம் கொழந்த சமாச்சாரம் பேசுவோம். அச்சியா என்ன சொல்றாளோ அதான்,” என்று மாமா காலையிலேயே சொல்லியிருந்தார். அச்சியா போக்குவாவின் அக்கா, தாக்கொராடியில் ஆஸ்பத்திரி நர்ஸ். நேற்று சவக்கிடங்கிலிருந்து திரும்பி வரும்போது வண்டியில் அவள் அவன் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: “அப்பன்கிட்ட இருக்கட்டும் தம்பி. டப்பாப் பால்ல வளராத புள்ளையா? நான் மாமாகிட்ட சொல்றேன்.” அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நேற்றிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு செய்,” என்றார் மாமா. “தலைய மட்டும் எடுத்துக்க. நீ வழக்கமா மத்தவங்களுக்குச் செய்வியே, அந்த மாதிரி கெந்தே பட்டு கட்டின ஒடம்பு ஒண்ணுல வெச்சிரு. ராணி கணக்கா இருக்கட்டும்.”

“கொழந்த கூட இருக்கட்டுமே மாமா. நாளைக்கு அது வளந்து, எங்கம்மா எப்பிடி இருந்தாங்கன்னு கேட்டா...”

“கேட்டா வீட்டுல காட்டு. ரோட்டுல எதுக்கு?”

அவனிடம் உடம்புகள் இருந்தன. கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு ஃபோல்டர். ஆண் உடம்பு இருபத்திரண்டு, பெண் உடம்பு முப்பது. கழுத்து நிறைய தங்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, விசிறி பிடித்த உடம்பு. தலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். தலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்ததாக இருந்தாலும் கவலையில்லை. ஒட்டிய கன்னத்தை உப்பவைத்து, மஞ்சள் பூத்த கண்ணை வெளுப்பாக்கி, வெளிறிய தோலுக்கு மினுமினுப்பு ஏற்றிக் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல ஆக்கிவிடுவான். “அம்போன்சாகிட்ட குடுத்தா பொணம்கூட எந்திரிச்சு ஆடும்” என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். அவனும் கூடவே சிரிப்பான்.

“எதுக்கு அத்தனையும் பாத்துக்கிட்டு?” என்றாள் அச்சியா. அதுவரை கதவோரம் உட்கார்ந்து தன் ஃபோனைப் புரட்டிக்கொண்டிருந்தவள். “எனக்கு ஒண்ணு அனுப்பினியே தம்பி, அதப் போடு. அதுல முகம் நல்லா இருக்கும்.”

அவள் தன் ஃபோனை மாமாவிடம் நீட்டினாள். திரை முழுக்கப் போக்குவா. தலையைக் குனிந்து குழந்தையைப் பார்த்தபடி, முகமெல்லாம் வெதுவெதுப்பாக, உதடு சிவந்து. குழந்தையின் கை மேலே வந்து அம்மாவின் தாடையைப் பிடித்திருந்தது.

“அடடா,” என்றார் மாமா. முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. “இதான் எங்க பொண்ணு. இதான். இதுலேருந்தே தலைய எடுத்துக்க.”

அது குமாசிக் கண்காட்சிக்கென்று எடுத்தது. ‘தாய்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அனுப்புமுன் நாலு பேர் அபிப்பிராயம் கேட்கலாமென்று புகைப்படக்காரர்களின் ஃபோன் குழுவில் ஐந்து படங்களைப் போட்டான். நூற்று இருபது பேர் இருக்கும் குழு, வாய்க்கா பஞ்சம்? பின்னால் தெரியும் பச்சை வாளியைத் தூக்கு என்றான் ஒருவன். அம்மா கேமராவைப் பார்க்கட்டும், என்ன சோகம் என்றான் இன்னொருவன். குழந்தைதான் அருமையான மாடல், அம்மாவுக்குத்தான் நடிக்கத் தெரியவில்லை என்று ஒருத்தி சிரிப்புப் பொம்மை போட்டாள். கடைசியில் குமாசிக்காரர் ஒருவர், முப்பது வருஷத் தொழில்காரர், எழுதினார்: “ஒளி பிரமாதம். நிறம் தப்பு. தோல் சாம்பல் அடிக்கிறது, உதட்டில் நீலம். உன் வீட்டுச் சுவர் என்ன நிறம்?”

சுவர் நீலம்தான். அம்போன்சா தலையில் அடித்துக்கொண்டான். பதினோரு வருஷத் தொழில், இது தெரியவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. உட்கார்ந்து கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். மறுபடி போட்டதும் நூற்று இருபது பேரும் கைதட்டினார்கள். “இப்பதான் உயிர் வந்துச்சு,” என்று எழுதினார் குமாசிக்காரர். அந்தச் சந்தோஷத்தில் அவன் அதில் ஒன்றை அச்சியாவுக்கும் அனுப்பினான். ‘ஆளு பளபளன்னு இருக்கா, நல்லா கவனிச்சுக்கற போல’ என்று பதில் வந்தது. போக்குவாவிடம் காட்டினான். அவள் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவ்ளோ நல்லாவா இருக்கேன்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஃபோன்ல இருக்கறது சின்னது மாமா. பெருசு இங்க இருக்கு,” என்று அவன் ஃபோல்டரைத் திறந்தான். மூன்று நாளாகத் தூக்கமில்லாத கை. ஒன்றைத் திறக்கப் போய் இரண்டு திறந்துகொண்டன. பக்கத்தில் பக்கத்தில், ஒரே போக்குவா, ஒரே குனிவு.

அச்சியா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“இது எது?”

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா. இது திருத்தறதுக்கு முன்னாடி.”

“திருத்தறதுன்னா?”

“நிறம் தப்பா இருந்துச்சு. எங்க வீட்டுச் செவுரு நீலமில்ல, அது அடிச்சு உதடெல்லாம்... அத எடுத்துட்டேன்.”

அவள் திரைக்கு வெகு அருகில் வந்து நின்றாள். திருத்தாத படத்தைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, தாடையைப் பிடித்திருந்த குழந்தையின் கையைத் தொட்டாள்.

“இத பெருசாக்கு.”

பெரிதாக்கினான். குழந்தையின் நகங்கள் ஐந்தும் ரோஜா நிறத்தில் இருந்தன. அதை ஒட்டியே போக்குவாவின் உதடு ஈயம் மாதிரி இருந்தது.

“ஒரே செவுரு. ஒரே ஜன்னல்,” என்றாள் அச்சியா. “கொழந்த நகத்துல ஏன்டா அடிக்கல?”

அம்போன்சா பார்த்தான். அந்த நகத்தை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அதற்குப் பாராட்டும்கூட வாங்கியிருக்கிறான்.

“மூணு தலகாணி எதுக்கு?”

“படுத்தா மூச்சு முட்டுதுன்னா. உக்காந்தே தூங்குவா.”

“காலு வீங்கியிருந்துதா?”

“பிரசவமானா அப்பிடித்தான்னு...” அவன் முடிக்காமல் நிறுத்தினான். சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். சின்னம்மா நியார்கோ புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“இது எடுத்து எத்தன நாளு?”

“அஞ்சு வாரம்.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது அச்சியாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிரசவத்துக்கப்புறம் இருதயம் வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது, ஒரு மாசம் முன்னால் கூட்டிவந்திருந்தால் மருந்து இருந்தது என்றார். எப்படித் தெரியும் டாக்டர், வெளியில் ஒன்றும் தெரியவில்லையே என்று அம்போன்சா அவரிடம் அழுதான். நிஜமாகவே நம்பித்தான் அழுதான்.

“எனக்கு இத அனுப்பியிருந்தா,” என்றாள் அச்சியா, “அன்னிக்கே வண்டி ஏறியிருப்பேன்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

படம் எடுத்த மூன்று மத்தியானங்களும் அவனுக்குத் திரும்ப வந்தன. வெளிச்சம் கம்மி, கேமரா முன்னால் கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். “தோளை ஆட்டாத போக்குவா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். “மூச்ச மெதுவா விடு. என்ன ஓடிட்டு வந்தவ மாதிரி?” அவள் சிரித்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. “இருங்க, இன்னொரு தடவ,” என்று மறுபடி பிடித்தாள். இந்தப் படம் அப்படிப் பிடித்தபோது எடுத்தது. நாற்பதில் துளிக்கூட அசையாமல் வந்தது இது ஒன்றுதான்.

மாமாவுக்கு இந்தப் பேச்சு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்தது. அவர் திரையை மாறி மாறிப் பார்த்தார். “சாம்பல் அடிச்சது நமக்கு எதுக்கு? இந்தப் பளிச்சுன்னு இருக்கறதையே வெச்சுக்க மாப்ள. மேல, சின்ன வயசுல போனவங்களுக்குப் போடற மாதிரி, ‘என்ன ஓர் அதிர்ச்சி’ன்னு போட்டுரு. முப்பத்தொரு வயசு.” பிறகு அச்சியாவைப் பார்த்தார். “கொழந்த விஷயம் என்னம்மா? என்ன யோசிச்ச?”

அம்போன்சா சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தான். பக்கத்து வீட்டம்மா பகலில் பார்த்துக்கொள்வாள், ஸ்டூடியோவிலேயே தொட்டில் கட்டிவிடலாம், மாதம் ஒரு தடவை தாக்கொராடிக்குத் தூக்கிவந்து காட்டுகிறேன். இப்போது, என்னிடம் விட்டால் கவனித்துக்கொள்வேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

“சனிக்கெழம என்கூட வருது,” என்றாள் அச்சியா.

சின்னம்மா நிமிர்ந்து அம்போன்சாவைப் பார்த்தாள், அவன் ஏதாவது பேசுவான் என்று. அவன் தலையை ஆட்டினான். சரி என்று ஆட்டினானா சும்மா ஆடிற்றா என்பது அவனுக்கே தெரியாது.

“அப்ப சரி. சாயங்காலத்துக்குள்ள அச்சுக்குக் குடுத்துரு,” என்று மாமா கைத்தடியை ஊன்றி எழுந்தார். அச்சியா சின்னம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி முதுகில் ஏற்றித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கதவருகே ஒரு கணம் நின்றாள். தன் ஃபோனை எடுத்துத் திரையை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

எதிர்ப்பக்கம் மூன்று பேரும் வண்டிக்கு நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. அம்போன்சா உடம்புகளின் ஃபோல்டரைத் திறந்து கெந்தே கட்டிய ஒன்றை எடுத்தான். அந்த உடம்பு எஃபிதுவாசியில் எப்போதோ செத்துப்போன ஒரு அப்பக்கடைக்காரியின் மகளுடையது. பிறகு போக்குவாவின் முகத்தைத் திரை நிறைய வருமளவு இழுத்தான். தலையைத் தனியே எடுக்க வேண்டுமானால் தாடையில் இருக்கும் குழந்தையின் கையை முதலில் எடுக்க வேண்டும்.

சுண்டு விரலை அழித்தான். விரலுக்கடியில் தாடை இல்லை, வெறும் வெள்ளைக் கட்டம். கேமரா பார்க்காத இடம். கன்னத்திலிருந்து கொஞ்சம் தோலை எடுத்து அங்கே பூசினான். அடுத்த விரலை அழித்தான், பூசினான். நடுவிரலையும், கட்டை விரலையும். வண்டி வந்து நின்றது. வண்டிப் பையன் போகும் ஊர்ப்பெயரைக் கூவியதும், சின்னம்மா ஏறச் சிரமப்பட்டு யாரையோ திட்டியதும் கேட்டது. வண்டி கிளம்பிப் போயிற்று.

ஆள்காட்டி விரல் மட்டும் பாக்கி. அது உதட்டின் ஓரத்தில் ஏறியிருந்தது. அதையும் அழித்தான். அந்த இடத்தில் என்ன நிறம் வைப்பதென்று தெரியாமல் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.