கவிதை முடியட்டும்

சுதந்திர தேவி சிலை இருக்கிற தீவுக்கு சொய்லா கப்பலேறி வந்தது ஒரே ஒரு கையெழுத்துப் போடத்தான். கவிதை கேட்க அவளுக்கென்ன தலையெழுத்தா?

அவள் புருஷன் செகுந்தோவை நீதிமன்ற வாசலிலேயே குடியேற்றப் போலீஸ் மடக்கிப் பிடித்துவிட்டது. ஒழுங்காக வாய்தாவுக்குப் போன மனுஷனை! இன்று மத்தியானம் டெக்சாஸுக்கு விமானம். அங்கே போய்விட்டால் அப்புறம் நேரே எக்வடோர்தான். அதற்குள் மனுப் போட்டால் நிறுத்தலாம், மனுவில் மனைவி கையெழுத்து வேண்டும். "தீவுக்கு வந்துடுங்க, அங்கயே கையெழுத்துப் போட்டு போன்லயே கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்றவள் வக்கீல் மேகன். காசு வாங்காமல் வழக்கு நடத்துகிறவள், ஸ்பானிஷும் பேசுவாள்.

வந்து பார்த்தால் மேடை, மைக், பூங்கொத்து. வருகிறவர்களை வாவென்று கூப்பிடுகிற அந்தப் பழைய கவிதைக்கு விழாவாம். அதன் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை மேடையில் வாசிக்கச் சொல்லி சொய்லாவின் கையில் திணித்தார்கள்.

கவிதை பொறித்த வெண்கலப் பலகையில் அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்று இருந்தது. அவள் பெருக்கித் துடைக்கிற அடுக்குமாடியில், குப்பை அறைக் கதவில் தினமும் பார்க்கிற வார்த்தை.

"நார்சிசா, இது குப்பைன்னுதானே?"

கூட வந்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஆமா அண்ணி. ஆனா இரக்கப்பட்டு எழுதினதாம். குப்பையா இருந்தாலும் அனுப்புங்க, நான் சேத்துக்கறேன்னு சிலை சொல்ற மாதிரி."

"சேத்துக்கற லட்சணம்தான் தெரியுதே!"

அப்போது போன் அடித்தது. தடுப்புக்காவல் போனிலிருந்து செகுந்தோ.

"சொய்லா, இடுப்புல சங்கிலி மாட்டிட்டாங்க. ஒவ்வொருத்தரா பேரு கூப்பிட்டு பஸ்ஸுல ஏத்தறாங்க. மனுப் போட்டாச்சா?"

"இருங்க, வச்சிடாதீங்க!" சொய்லா முன்வரிசைக்கு ஓடினாள். "வக்கீலம்மா, அவரை ஏத்தறாங்க! எங்க கையெழுத்துப் போடணும்?"

மேகன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பதறாதீங்க சொய்லா. நம்ம மாதிரி வழக்குகளுக்கு நன்கொடை குடுக்கறவங்க எல்லாரும் வந்திருக்காங்க. அடுத்தது நீங்கதான். கவிதை முடியட்டும், உடனே போட்டுடலாம்."

கவிதை முடியட்டுமாம்! சொய்லா விறுவிறுவென்று மேடையேறினாள். காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். ஒரு கையில் போன், மறுகையில் மைக்.

"குப்பையா நாங்க?" என்று ஸ்பானிஷில் கத்தினாள். "உங்க கக்கூஸைக் கழுவறது இந்தக் குப்பைதான்! உங்க பிள்ளைகளைக் குளிப்பாட்டறதும் இந்தக் குப்பைதான்! அங்க என் புருஷனைச் சங்கிலில கட்டி இழுத்துட்டுப் போறான், இங்க பூவைக் கையில வச்சுக்கிட்டு கவிதையா கேக்கறீங்க? வெக்கமா இல்ல உங்களுக்கு? ஒரு கையெழுத்துக்கு என்னைக் கப்பலேத்திக் கூட்டிட்டு வந்தீங்களே, நாசமாப் போக!"

கத்தி ஓய்ந்தாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது.

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது, கவிதையைத்தான் மனப்பாடமாகச் சொன்னாள் என்று நினைத்துவிட்டார்கள். மேகன் மட்டும் முகம் வெளுத்துப்போய்ப் பையைத் திறந்து காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓயவில்லை.

சொய்லா போனைக் காதில் வைத்தாள்.

"சொய்லா, அங்க என்ன எல்லாரும் கைதட்டறாங்க?" செகுந்தோவின் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னை விடச் சொல்லிட்டாங்களா?"