கடைசியாக டிக்கெட் போட்டவன்

அப்பா இறந்து, மய்யித்து கூடத்தில் கிடந்தது. நள்ளிரவு தாண்டி, ஆம்பூர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ரிஹான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். மறுமுனையில் ஜெயசீலன். ரிஹான் சாஃப்ட்வேர் எழுதும் அதே விமான நிறுவனத்தில் கட்டுப்பாட்டு அறை வேலை அவனுக்கு.

"சவுதிலேர்ந்து வர்ற தம்மாம் ஃப்ளைட்ல ஒரு சீட்டு ஜாஸ்தியா வித்துட்டாங்கடா. ஒருத்தரை நிறுத்தணும். சிஸ்டம் உங்க அண்ணன் பேரை எடுத்திருக்கு."

சிஸ்டமாவது மண்ணாவது! எடுத்தது ரிஹான்தான். வேலைக்கான இன்டர்வியூவில் கேட்டார்கள்: இருக்கையைவிட ஆட்கள் அதிகம், யாரை விட்டுவிட்டுப் போவாய்? ரிஹான் பலகையில் எழுதிக் காட்டினான். குடும்பத்தோடு வருபவன் சண்டைக்கு நிற்பான். உறுப்பினர் அட்டை வைத்திருப்பவன் அடுத்த முறை வரமாட்டான். ஆகவே அட்டை இல்லாமல் தனியாக வருபவன், அதிலும் கடைசியாக டிக்கெட் போட்டவன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், வேலை கிடைத்தது, விதி அப்படியே புரோகிராமில் ஏறியது. அவசர அவசரமாகத் தன்னந்தனியாக டிக்கெட் போடுகிறவன் எதற்காகப் போகிறான் என்று அந்த ஏசி அறையில் ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டுக்குத்தான் போவான், வேறெங்கே?

மய்யித்தை ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். விடிந்தால், மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அண்ணன் ரஃபி அகமது அப்பாவை நேரில் பார்த்தே நாலு வருஷமாகிறது.

"எப்படியாச்சும் ஏத்திவுடு ஜெயசீலா. கால்ல வுழறேன்."

"ஏத்தலாம்டா. ஆனா அடுத்தவன் மாட்டுவான். அவனும் தனி ஆளு, நேத்துதான் டிக்கெட் போட்டிருக்கான். பேரு சொல்லட்டுமா?"

"வேணாம். அவனையே நிறுத்து."

அண்ணன் வந்துசேர்ந்தான். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுக் கதறினான். ரிஹானுக்கு மனசு குளிர்ந்தது. பாவம் செய்துவிட்டோமே என்று ஒரு நொடிகூட உறுத்தவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அண்ணன் சொன்னான்: "பேரணாம்பட்டு வரைக்கும் போவணும்டா. கவுண்டர்ல மொதல்ல என்னத்தான் நிக்கச் சொன்னாங்க. அப்பறம் இன்னா ஆச்சோ, என்னை வுட்டுட்டு பக்கத்துல இருந்த பேரணாம்பட்டு பையன் சுஹேலை நிறுத்திட்டாங்க. அவனுக்கும் அப்பாதான் மவுத்து, சாயங்காலம் அடக்கம். சத்தமே போடலடா அவன். எனக்குப் பதிலா ஒரு பிடி மண்ணு போட்டுடுங்க பாய்னு கையைப் புடிச்சிக்கினான்."

பேர் வேண்டாம் என்று ரிஹான் தள்ளிய ஆள் அவன்தான். வரவில்லை என்று சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. பைக்கை எடுத்தான்.

பேரணாம்பட்டு கபரஸ்தானில் குழி தயாராக இருந்தது. கால்பக்கம் ஒருவர் இறங்கியிருந்தார். தலையைத் தாங்க வேண்டிய மகனின் இடம் காலி. சுஹேலின் சித்தப்பா மஹபூப் பாஷாவுக்கு முட்டி மடங்காது. பயணத்தில் கசங்கிப்போயிருந்த ரஃபியைப் பார்த்தார், ரிஹானைப் பார்த்தார்.

"நீ எறங்கு தம்பி. எங்க புள்ள வர முடியல."

ரிஹான் இறங்கினான். வெள்ளைத் துணி சுற்றிய தலையை மேலிருந்து அவன் கைகளில் கொடுத்தார்கள். இவ்வளவு கனமா ஒரு தலை என்று பயந்துபோனான். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

பாஷா போனைக் குழிக்கு மேல் நீட்டினார். அடுத்த விமானத்துக்காகத் தம்மாம் விமான நிலையத்திலேயே காத்திருந்த சுஹேல் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"யாரு சாச்சா அது, என் எடத்துல நிக்கிறது? அவர் பேரு இன்னா? கேட்டுச் சொல்லுங்க, ஆயுசுக்கும் அவருக்காக துஆ கேப்பேன்."