ஒரு வீட்டில் இரண்டு கையெழுத்து

"நீ என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றபடி கணவர் ஒரு கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வீசினார். அது அவளுடைய அத்தையின், அதாவது அவர் அம்மாவின், தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துக் குடித்துக்கொண்டிருந்த அத்தை அப்படியே நிறுத்தினார். விரல் மூட்டுகள் வீங்கி, மடங்காமல் போய் வெகுகாலம் ஆகிறது அவருக்கு.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று எழுதியிருந்தது. கட்டுரையில் சொன்னபடி மூன்று முறை செய்து பார்த்தார்களாம். அதில் சொன்ன சேர்மம் கிடைக்கவில்லையாம். ஒரு மாதத்துக்குள் விளக்கம் வராவிட்டால் கட்டுரையை நீக்கும்படி ஆய்விதழைக் கேட்பார்களாம்.

கட்டுரை கணவருடையது. அதாவது, மேலே அவர் பேர் இருந்தது. அவர் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் துறைத்தலைவர். கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கக்கூடாது என்று அங்கே ஒரு விதி. கல்யாணமானபோது இருவருமே அங்கேதான் வேலையில் இருந்தார்கள். யார் விலகுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவள் 'கௌரவ உதவியாளர்' ஆனாள். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, நாற்காலி உண்டு.

அந்த நாற்காலியிலும் அவள் அதிகம் உட்கார்ந்ததில்லை. மூட்டை மூட்டையாக இலை வந்து இறங்கியதால் ஆய்வகத்தில் அவளுக்கு 'இலையம்மா' என்று பேர். ஒரு காட்டுக்கொடியின் இலையை ஊறவைத்து, வடித்து, பிரித்து, பிரித்ததை மறுபடியும் பிரித்து, பதினோரு வருடத்தில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் எடுத்தாள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்கள் புத்தி பிசகிச் சொந்த மூட்டுகளையே தாக்குகிற நோய் ஒன்று உண்டு. அத்தைக்கு இருப்பது அதுதான். அந்த அணுக்களை இந்தத் தூள் அடக்கியது, இப்போதைக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில்.

"வெளிச்சத்துல வெச்சுப் பண்ணியிருப்பாங்க. அரை மணி நேரத்துல சிதைஞ்சிடும். எழுதியிருந்தேனே," என்றாள்.

"எங்க எழுதியிருந்த?"

"நீங்க அடிச்ச பத்தியில."

பூக்கும் முன்பே இலையைப் பறிக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், பழுப்புக் குப்பியில்தான் வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். 'இது ஆராய்ச்சியா, சமையல் குறிப்பா?' என்று ஓரத்தில் எழுதிவிட்டு அவர் முழுப் பத்தியையும் அடித்திருந்தார்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "சரி, பதில் எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"நானே போடறேன்."

"என்னது?"

"கையெழுத்து."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வீட்டுல எதுக்கும்மா ரெண்டு கையெழுத்து? யார் போட்டா என்ன?"

"அதான் அத்தை. யார் போட்டா என்ன? நான் போடறேன்."

ஒன்றரைப் பக்கம் எழுதி அன்றைக்கே அனுப்பினாள். ஐந்தே வாரத்தில் அந்த ஆய்வகத்துக்குத் தூள் கிடைத்தது. ஆய்விதழ் அவள் கடிதத்தைத் 'திருத்தம்' என்று போட்டு, அடியில் அவள் பேரை அச்சிட்டது. அவள் பேர் அச்சேறியது அதுவே முதல் தடவை.

நிறுவனம் இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. பிழையை மறைக்காத நேர்மைக்காகத் துறைத்தலைவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்திக் கேடயம் கொடுத்தது. அனுமதியின்றி வெளியாருக்குக் கடிதம் எழுதியதற்காகக் கௌரவ உதவியாளரை நீக்கி, ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கேட்டது. இரண்டு உத்தரவிலும் ஒரே தேதி.

வெளிநாட்டு ஆய்வகம் அவளை வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் படிவம் அனுப்பியது. அனுபவச் சான்று துறைத்தலைவர் தர வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டாள். அவர் 'ஆராய்ச்சியில் உதவினார்' என்று எழுதிக் கொடுத்தார்.

"'செய்தார்'னு எழுதுங்க."

"வேலையிலயே இல்லாதவங்க செஞ்சாங்கன்னு நான் எப்படி எழுத முடியும்? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப அதைச் செஞ்சது யாரு?"

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அவள் சான்றை அவர் பக்கமே நகர்த்திவிட்டுப் படிவத்தைத் தானே நிரப்பினாள். அனுபவம்: பதினோரு வருடம். பணியமர்த்தியவர்: எவருமில்லை. மறுநாள் காலை தபாலில் சேர்த்தாள். எட்டாம் வாரம் பதில் வந்தது. வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீ போயிட்டா அம்மாவை யார் பாத்துப்பாங்க?" என்றார் கணவர்.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார், "அந்தத் தூளு மருந்தா வர எத்தனை வருஷம் ஆகும்?"

"அங்க உக்காந்து ஒழுங்கா வேலை பார்த்தா பத்து வருஷம் ஆகும் அத்தை."

"இங்கயே இருந்தா?"

"வராது."

அத்தை தன் கைகளை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தார்.

"எனக்கு இப்பவே அறுபத்தெட்டு," என்றார். "சீக்கிரம் கிளம்பு."